ஹாலாஸ்யம் சாமியின் நாலு பொந்து

5-2-79, திங்கள்

பனி இன்னும் விடவில்லை. காலையில் அந்த ஆள் ஒரு தடவை கனைத்தார். காப்பியைக் கொண்டுபோய் நங்கென்று வைத்தேன். ரெண்டு தடவை கனைத்தார். வெந்நீரை வாளியில் ஊற்றி, வாளியைத் தரையில் ஓர் இடி இடித்தேன். இன்றையப் பேச்சுவார்த்தை முடிந்தது.

மருமகள் முத்துத்தாய்க்குச் சேலை எடுத்தபோது ஜவுளிக்கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். சும்மா கிடந்தது. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஞாபகத்துக்காக எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லை. யார் என்னை எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கிழமையோடு தலைக்குள் இருக்கிறது. ஆனால் பொழுதுக்கும் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் பேச்சு உள்ளேயே புளித்துப்போகிறது. மகன் சோணைமுத்து விசைத்தறிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். மருமகள் நூல் சுற்றப் போய்விடுவாள். பேத்தி பள்ளிக்கூடம். மிச்சம் நானும் அந்த ஆளும். அவரோடு எனக்குப் பேச்சில்லை. பதினோரு வருசமாக இல்லை.

ஏன் என்பதை ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். கொட்டாம்பட்டியில் என் ஆத்தா செத்துப்போனதாகத் தம்பி மொக்கையன் ஆள் அனுப்பினான். காலை வண்டிக்கு நான் கிளம்பி வாசலில் நிற்கிறேன். ‘இஸ்திரிக்குப் போட்ட சட்டை வரட்டும், மாப்பிள்ளைன்னு நாலு பேரு முன்னால நிக்கணும்ல’ என்று இந்த மனுசன் தேய்ப்புக்காரன் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை வந்தது. வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் போய் இறங்கினால், காரியத்தை முடித்துக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஆட்கள் எதிரே வருகிறார்கள். நான் ஆத்தா முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டையில் மடிப்பு நன்றாக இருந்தது.

8-2-79, வியாழன்

முன்பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோமே, அந்த ஹாலாஸ்யம் சாமி இன்று நடையில் வந்து நின்றார். ரயிலில் தபால் பிரிக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே எந்தக் காகிதம் எந்த ஊர் என்று பொந்து பொந்தாகப் போட்டே ஆயுசு கழிந்ததாம். சாது. அவர் சம்சாரம் சாவித்ரியை நான் சேர்ப்பதில்லை. குடிவந்த அன்று வெள்ளை காய்ச்சி எதிர்வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். வீட்டுக்காரி எனக்கு அடுத்த நாள் கொடுத்தாள். ஆறிப்போய் இருந்தது.

(வெள்ளை என்று நான் சொல்வது பசு கொடுப்பதை. அதன் பேரும் அந்த ஆள் பேரில் முன்பாதியும் ஒன்று. புருசன் பேரைச் சொல்லக்கூடாது என்று மாமியார் வைத்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதற்கு வெள்ளைதான். பேச்சை நிறுத்தினாலும் அதை நிறுத்தவில்லை. அது வேறு, இது வேறு.)

சாமி வந்த விசயம் விநோதமாக இருக்கிறது. அவர் ஒரு பாஷை செய்துகொண்டிருக்கிறாராம். அப்பளம் செய்கிறோம், வடகம் போடுகிறோம், அதுபோல ஒரு பாஷை. உலகத்தில் எல்லாரும் பேசுவதற்காம்.

“இப்போ எம்புட்டுப் பேரு பேசுறாக?” என்று கேட்டேன்.

“நான் ஒருத்தன்தான். ரெண்டு பேர் பேசினாத்தான் அது பாஷை. ஒருத்தனே பேசிண்டிருந்தா வியாதின்னு சாவித்ரி சொல்றா. உங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு தெருவே சொல்றது, அன்னக்கொடியம்மா. நீங்க கத்துக்கணும்.”

சாவித்ரி மாட்டேன் என்றுவிட்டாளாம். திட்டுவதற்குத் தமிழே போதும் என்றாளாம்.

அவள் மாட்டேன் என்றாள் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நானும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சரி என்றேன்.

9-2-79, வெள்ளி

சாமி தூக்க முடியாமல் ஒரு மரச்சட்டத்தைத் தூக்கி வந்தார். புறாக்கூண்டு மாதிரி நாலு பொந்து. ஏலத்தில் எடுத்தாராம். கட்டிலில் படுத்திருந்த அந்த ஆள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குக் கண்ணில் புரை, சட்டம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். திரும்பப் படுத்துக்கொண்டார்.

சாமியின் கணக்கு இது. உலகத்தில் உள்ள பேர் எல்லாம் நாலே சாதி. தானாக நகர்வது முதல் பொந்து. நாம் நகர்த்தினால் நகர்வது ரெண்டாவது. நகராதது மூன்றாவது. கேட்காமல் வந்து சேர்வது நாலாவது: மழை, தும்மல், தூக்கம், சாவு. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு வால். தானாக நகர்கிற எல்லாப் பேரும் ‘னி’ என்று முடியும். நகர்த்துவது ‘டோ’. நகராதது ‘மூ’. கேட்காமல் வருவது ‘சை’. வாலைக் கேட்டாலே சொல் எந்தப் பொந்து என்று தெரிந்துவிடும்.

ஆண்பால் பெண்பால் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லே எனக்கு ஆகாதே. “ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லையா?” என்றேன். அதெல்லாம் சண்டைக்கு வழி என்றார்.

ஐயோ. இப்போதுதான் பார்க்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் பின்னால் கைமறதியாக எழுதிவிட்டேனே, அதுவும் ரெண்டு தடவை. அடித்தால் தாள் கிழியும். மாமியார் செத்து இருபது வருசம் ஆகிறது, மேலே இருந்து இதைப் படிக்கவா போகிறாள்? படிப்பாள். அவள் அப்படித்தான்.

14-2-79, புதன்

சாமி துண்டுச் சீட்டில் சொல்லை எழுதிக் கொடுப்பார். நான் பொந்து பார்த்துப் போட வேண்டும். தினம் சாயங்காலம் இதுதான். அவர் சுலபம் என்று நினைத்தது ஒன்றும் சுலபமாக இல்லை.

டவுன் பஸ்ஸை அவர் முதல் பொந்தில் போட்டார். தானாக நகர்கிறதாம். “கண்டக்டர் விசில் ஊதாம ஒரு அடி நகருமா சாமி? ரெண்டாவதுல போடுங்க” என்றேன். யோசித்து மாற்றினார்.

தண்ணீருக்கு ஒரு மணி நேரம். வைகையில் போனால் தானாகப் போகிறது. ஆனால் வைகையில் தண்ணீர் எங்கே போகிறது? செல்லூரில் குடம் வைத்துத் தூக்கி வருவதுதான் தண்ணீர். ‘டோ’ வாலே போட்டோம். நீயடோ.

அடுத்தது கடவுள். சாமி மரியாதையாக முதல் பொந்துக்கு அருகே கொண்டுபோனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அழகர் மலையிலிருந்து ஆத்துக்கு வருகிறாரே, தானாகவா வருகிறார்? தூக்கி வருகிறவர்கள் தோளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள் என்றேன். சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்தப் பொந்திலும் போடவில்லை. சட்டத்துக்கு மேலே, வெளியே வைத்துவிட்டார். அது சரியான இடம் என்றுதான் எனக்கும் பட்டது.

16-2-79, வெள்ளி

பசு கொடுக்கும் வெள்ளைக்கு இந்தப் பாஷையில் லூமிடோ.

லூமிடோ, லூமிடோ, லூமிடோ.

கல்யாணம் ஆனதிலிருந்து அதை அதன் பேரால் கூப்பிட்டதில்லை. காப்பி போடும்போதும் சொன்னேன், பொங்கி வழிந்தபோதும் சொன்னேன். மருமகள் எட்டிப் பார்த்து, “அத்தை, யாரு கூடப் பேசுறீக?” என்றாள். அடுப்போடு என்றேன்.

20-2-79, செவ்வாய்

இன்று ஒரு பெரிய சங்கதி கண்டுபிடித்தேன்.

சாமி பாஷையில் நீ, நீங்க என்ற பேதம் கிடையாது. எல்லாருக்கும் ‘ஏ’. அவன், அவள், அவர், அது நாலுக்கும் ‘ஈ’. மாவட்டக் கலெக்டரும் ஈ, கன்றுக்குட்டியும் ஈ. இதைச் சாமி சொல்லிக்கொண்டிருக்கும்போது கட்டிலைப் பார்த்தேன். அந்த ஆள் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமல்.

ஒன்றும் புரியாமல்!

புருசனுக்குச் சொல் என்ன என்று சாமியிடம் கேட்டேன். தாவனி என்றார், முதல் பொந்து. சீட்டை வாங்கி நான் மூன்றாவது பொந்தில் போட்டேன், மலைக்கும் ஆட்டுரலுக்கும் நடுவில். தாவமூ. சாமி பதறிப்போய், மனுஷாள் எல்லாம் முதல் வகுப்புத்தான், ஒருத்தருக்காக விதியை மாற்ற முடியாது என்றார். நீங்கள் வேண்டுமானால் அந்த ஆளை நகர்த்திக் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

பிறகு அந்த ஆளுக்கு நேரே நின்று, கையால் எதையும் காட்டாமல், பெருக்குகிற மாதிரியே, ஒரு பத்து வாக்கியம் பேசினேன். சாமி பாஷையில், எல்லாம் ஈ போட்டு. தமிழில் எழுதினால்: ஈ திங்குது, ஈ தூங்குது, ஈ இஸ்திரி மடிப்புக் கலையாம நாலு பேரு முன்னால நிக்குது. சாமி என் இலக்கணத்தை மட்டும் பார்த்துவிட்டு, தப்பே இல்லை என்று சந்தோசப்பட்டார்.

இன்று சோறு நன்றாக இறங்கியது.

27-2-79, செவ்வாய்

தினமும் திட்டுகிறேன். சொல் போதவில்லை. சாமியிடம் போய், சோம்பேறிக்கு ஒரு சொல், ஊமைக்கோட்டானுக்கு ஒரு சொல் என்று கேட்டு வாங்கி வருகிறேன். உலக சமாதானத்துக்காகச் செய்த பாஷை இப்படிப் போகிறதே என்று அவருக்கு வருத்தம். ஆனால் நான் கேட்பதால் பாஷை வளர்கிறது என்று ஒரு பக்கம் பூரிப்பு.

இன்று மனத்தாங்கலுக்குப் பொந்து தேடினோம். சாமி ரெண்டாவது என்றார். நாம் வைத்தால் இருக்கும், எடுத்தால் போகும் என்றார். இவர் தம்பியோ தங்கையோ இல்லாத மனுசர் போலிருக்கிறது. மூன்றாவதில் போட்டேன்.

நடுவில் ஒரு வார்த்தை எனக்கு மறந்தது. எனக்கு! படிக்கட்டுக்கு என்ன என்று விழித்தேன். அப்போது பார்த்துக் கட்டிலில் ஒரு கனைப்பு. காப்பி நேரம் இல்லை, வெந்நீர் நேரமும் இல்லை. சளி பிடித்திருக்கும். சித்திமூ என்று பிறகு ஞாபகம் வந்தது.

11-3-79, ஞாயிறு

நேற்றுக் கண் வார்டில் காட்டிவிட்டு வந்தார்கள், மகனும் அவரும். புரை முற்றிவிட்டதாம். அறுத்து எடுக்க வேண்டுமாம். நாளைக்கு இல்லை, அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

“ஆத்தா, நீதான் கூட இருக்கணும்” என்றான் சோணைமுத்து. அவனுக்குப் பங்குனி ஆர்டர், தறியை நிறுத்த முடியாது. முத்துத்தாய் மாசமாக இருக்கிறாள், ஆஸ்பத்திரி வாடை ஆகாது. எல்லாம் நியாயம்தான். சரி என்றேன். கூட இருப்பதற்கு வாய் எதற்கு? கை இருந்தால் போதும்.

19-3-79, திங்கள்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

பெரிய சிக்கல்.

டாக்டர் வந்து சட்டம் போட்டுவிட்டுப் போனார். அறுத்த பிறகு ரெண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. தலையைத் திருப்பக்கூடாது, ஆட்டக்கூடாது. தும்மக்கூடாது, இருமக்கூடாது. கண்ணில் தையல் பிரிந்தால் கண் போய்விடும், திரும்ப ஒட்ட வைக்க முடியாது என்றார்.

“கனைக்கலாமா?” என்று கேட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கனைப்பும் கூடாதாம்.

இவர் கனைக்க முடியாது. நான் நங்கென்று வைத்தால் இவருக்குக் கண் தெரியாது, எங்கே வைத்தேன் என்று தடவுவார், தலை அசையும். பதினோரு வருசம் வண்டி ஓடியது இந்தக் கனைப்பிலும் நங்கிலும்தான். யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டும். நான் திறக்கிறதாக இல்லை. தமிழில் ஒரு சொல் அந்த ஆளிடம் சொன்னாலும் அது என் ஆத்தாளை ரெண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போன மாதிரி.

20-3-79, செவ்வாய்

அறுத்தாயிற்று. நல்லபடியாக முடிந்ததாம். கட்டோடு கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒரு அசைவு இல்லை. ஆட்டுரல் என்று நான் சொன்னது இதைவிட அசையும்.

21-3-79, புதன்

எழுதுவதற்குக் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை வெயில் ஏறினபோது உதட்டை நக்கினார். தண்ணீருக்குத்தான் என்று தெரியும். தம்ளரை எடுத்தேன். சொல்லாமல் வாயில் வைத்தால் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பிவிடுவாரே என்று அப்படியே நின்றேன். அவர் கனைக்கத் தொண்டையைச் செருமப் போனார். நர்ஸ் அங்கிருந்தே ஒரு அதட்டல். அடங்கிவிட்டார். நான் தம்ளரோடு நிற்கிறேன்.

அப்புறம் மெள்ள, உதடு மட்டும் அசைந்து, “நீயடோ” என்றார்.

தம்ளரில் பாதி என் சேலையில்.

நீயடோ! வால் கூடத் தப்பில்லை. கட்டிலில் மல்லாந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த மனுசன் ஒரு சொல் விடாமல் பிடித்துவைத்திருக்கிறார். அன்றைக்குக் கனைத்தாரே, சித்திமூ மறந்தபோது. அது சளி இல்லை.

அப்படியானால் பிப்ரவரி இருபதிலிருந்து நான் பேசினது அவ்வளவும்? ஈ திங்குது, ஈ தூங்குது? ஊமைக்கோட்டான்? தாவமூ? எல்லாம் புரிந்துதான் காலை ஆட்டினாரா?

தண்ணீர் கொடுத்தேன். “நீயடோ” என்று நானும் சொல்லித்தான் கொடுத்தேன், திடுக்கிடக் கூடாதே. அது தமிழ் இல்லை. கணக்கில் வராது.

22-3-79, வியாழன்

ரெண்டு பேரும் சாமி பாஷையில்தான். சோறு, மருந்து, மூத்திரச் சட்டி. சட்டிக்குச் சாமி சொல் செய்யவில்லை. நானே ஒன்று செய்து ‘டோ’ வால் போட்டேன். அவருக்கு உடனே புரிந்தது. இதைச் சாமியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் டி. கல்லுப்பட்டிக்காரர், கருத்தக்கண்ணன் என்று பேர். அவருக்கும் கண் கட்டு. காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார். சாயங்காலம் கேட்டார்: “தாயி, நீங்க சௌராஷ்டிரம் பேசுற பட்டுநூல்காரவுகளா?”

இல்லை என்றேன்.

“அப்ப தெலுங்கா?”

இல்லை என்றேன். புருசன் பொஞ்சாதி பேசுற பாஷை என்று சொல்லிவைத்தேன். “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, எனக்குத்தான் இன்னும் புரியல” என்றார். அந்த ஆள் உதட்டோரம் துடித்தது. சிரித்துத் தலையை ஆட்டிவிடப் போகிறாரே என்று தாடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைத் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டது. சவரம் செய்யாமல் முள்ளாக இருந்தது.

23-3-79, வெள்ளி

மணல் மூட்டையை எடுத்துவிட்டார்கள். நான் தள்ளினால் ஒருக்களிக்கிறார், தூக்கினால் உட்காருகிறார். அப்படியானால் மூன்றாவது பொந்து இல்லை, ரெண்டாவது என்று அவரிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்து, ஒன்றாவதுக்கு எப்போது என்று கேட்டார். நடந்து காட்டு, பார்க்கலாம் என்றேன். ஏ போட்டுத்தான்.

25-3-79, ஞாயிறு

மத்தியானம். வார்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரம். விசிறிக்கொண்டிருந்தேன்.

“கபிடோ” என்றார்.

கபிடோ என்றால் சட்டை. குளிருதா, சட்டை வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பவும் கபிடோ. அப்புறம் மாயனி. அது அம்மாவுக்குச் சொல். அப்புறம், “ஓ பிசா.”

நான் தப்பு.

அவ்வளவுதான். நின்றுவிட்டார்.

விசிறி என் கையில் நின்றது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். பதினோரு வருசத்தில் இந்த மனுசன் இதைச் சொல்ல வராமல் இல்லை. கனைப்போடு நிறுத்திக்கொள்வதற்கு முன்னால் எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ‘தப்புத்தான், ஆனா அன்னைக்கு என்னன்னா’ என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’ வந்த உடனே நான் எழுந்து போய்விடுவேன். ஆனாவுக்குப் பின்னால் தேய்ப்புக்காரன் வருவான், அவன் கரி வரும், அந்தக் காலத்து வண்டி நேரம் வரும், கடைசியில் தப்பெல்லாம் யார் யார் மேலேயோ போய் உட்கார்ந்துவிடும்.

இன்று ஆனா வரவில்லை. வர வழியில்லை. சாமி பேர்ச்சொல்லை எல்லாம் பொந்தில் போட்டு முடித்தாரே ஒழிய, பேச்சையும் பேச்சையும் ஒட்டுகிற சொற்களை இன்னும் செய்யவில்லை. ஆனால் கிடையாது. ஏனென்றால் கிடையாது. அதற்குப் பொந்தே இல்லை. ‘நான் தப்பு’ என்று சொன்னால் அதோடு நிற்க வேண்டியதுதான். பாதை முடிந்த இடத்தில் நிற்கிற ஆள் மாதிரி அந்த ரெண்டு சொல்லோடு கிடந்தார்.

திரும்ப விசிற ஆரம்பித்தேன்.

பார்த்தால் கட்டுக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர். அழுகிறார். தையல் போட்ட கண்ணோடு அழுகிறார். ஒரு பக்கத்துக் கட்டு நனைந்து நிறம் மாறுகிறது. தும்மக்கூடாது, இருமக்கூடாது என்று சொன்ன டாக்டர் அழக்கூடாது என்று சொன்னாரா? சொல்லியிருப்பார், நான் கனைப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழாதே என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். சாமி பாஷையில் அழுகை நாலாவது பொந்து, கேட்காமல் வருவது. அதை நிறுத்து என்று சொல்வதற்கு ஒரு சொல்லும் என் வாய்க்கு வரவில்லை. இத்தனை சொல் தெரியும், ஒன்று வரவில்லை.

“அழுகாதீக. கண்ணு போயிரும்ங்க. அழுகாதீக.”

சொல்லிவிட்டேன்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் கன்னத்தை ஒற்றினேன், கட்டின் மேல் படாமல். பக்கத்துக் கட்டில் கருத்தக்கண்ணன், “அட, தமிழ்தானா” என்று முனகினார்.

இது கணக்கில் வராது. வைத்தியத்துக்காகச் சொன்னது.

26-3-79, திங்கள்

கணக்கில் வராதுதான். ஆனாலும் மருந்து ஊற்றும்போது எரியுதா என்று கேட்டேன். எரியலை என்றார். ரெண்டு பேருமே தமிழில். அதுவும் வைத்தியம்தான்.

28-3-79, புதன்

கட்டு அவிழ்த்தார்கள். நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். நர்ஸ் வந்து கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு விரலைக் காட்டினார், ஒன்று என்றார் இவர். மூன்று காட்டினார், மூன்று என்றார். எனக்கு உயிர் வந்தது. நனைந்த கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் போனதும் நான் ஒரு விரலைக் காட்டினேன், எச்சரிக்கிற மாதிரி. “எத்தனைன்னு கேக்குறியா, பழைய கணக்கைக் கேக்குறியா?” என்றார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

2-4-79, திங்கள்

வீட்டுக்கு வந்தது தெரிந்து சாமி ஓடிவந்தார். உங்கள் பாஷையை மூன்று பேர் பேசுகிறோம் என்றேன். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு ஆஸ்பத்திரியில், அவர் இல்லாத இடத்தில், அவர் பாஷையில் ரெண்டு பேர் பேசியிருக்கிறார்கள். சட்டிக்குச் செய்த சொல்லையும் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனால் வால் சரி என்று ஒத்துக்கொண்டு சீட்டு எழுதி ரெண்டாவது பொந்தில் போட்டார்.

மூன்றாவது பொந்தில் தேடித் தாவமூ சீட்டை எடுத்து நான் முதல் பொந்தில் போட்டேன். இவர் கறுப்புக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டு, “இப்பத்தான் நகந்தேனா?” என்றார்.

சாவித்ரி பார்த்துவிட்டுப் போக வந்தாள். சூடாக லூமிடோ காய்ச்சிக் கொண்டுவந்தாள். குடித்தேன். அதற்காக முதலில் ஆறிப்போனதைக் கொடுத்தது இல்லை என்று ஆகிவிடாது.

9-4-79, திங்கள்

சாமி ‘ஏனென்றால்’ செய்து முடித்துவிட்டார். ஐந்தாவதாக ஒரு பொந்து அடிக்கப்போகிறாராம், ஒட்டுச்சொல்லுக்கு என்று. இவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஆசையோடு உள்ளே போனார். நான் நடையிலேயே மறித்தேன். எனக்கு மட்டும் சொல்லுங்கள், அவருக்கு இப்போதைக்கு வேண்டாம், கண் இன்னும் ஆறவில்லை என்றேன். கண்ணுக்கும் ஏனென்றாலுக்கும் என்ன என்று சாமிக்கு விளங்கவில்லை.

21-4-79, சனி

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. எழுத நேரமில்லை.

பதினோரு வருசத்தில் இந்த வீட்டில், தெருவில், சொந்தத்தில் நடந்தது ஒன்றும் இவருக்குத் தெரியவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? மொக்கையன் மகள் சடங்கில் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டது தெரியாது. தெருக்குழாயில் என் குடத்தை ஒதுக்கி வைத்தவள் யார் என்று தெரியாது. எல்லாவற்றையும் வரிசையாக, கிழமை தப்பாமல் சொல்லிக்கொண்டு வருகிறேன். நடுவில் குறுக்கே கேள்வி கேட்கிறார், அப்புறம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறார். சில இடத்தில் அவருக்கே என்னைவிடக் கோபம் வருகிறது. அந்தக் குடத்துக்காரி வீட்டுக்கு இப்போதே போய்க் கேட்கட்டுமா என்று எழுந்துவிட்டார். உட்கார வைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் சாமி சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, நடையில் நின்று, தன் பாஷையில் எங்களைக் கூப்பிட்டாராம். ரெண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். முத்துத்தாய் சொல்லித்தான் தெரியும். எங்கள் காதில் விழவில்லை. அப்போதுதான் எழுபத்தொன்றாம் வருசம் ஆடி மாசத்துக்கு வந்திருந்தோம்.